வெள்ளைத் துணியில் ஒட்டாத நிறம்

1. தேய்த்துப் பார்த்தேன்

முத்துச்செல்வி லேபுக்குள் வந்து கதவைத் தாழிட்டபோது நான் ஒரு காலர் துணியை லைட் பாக்ஸில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று ஷேடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஷேடு பார்க்கும்போது யாராவது குறுக்கே வந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வந்து தாழ் போடுகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று திரும்பினேன்.

"மேடம், ஒரு கறை. அழிய மாட்டேங்கு."

"எந்த ஸ்டைல்? எத்தனை பீஸ்?"

"பீஸ்ல இல்ல மேடம். எம்மேல."

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் டெஸ்டிங் லேபைப் பார்த்துக்கொண்டவள் நான். ருக்மணி என்று பெயர். லேப் மேடம் என்றால்தான் தெரியும். துணி சுருங்குகிறதா, சாயம் இறங்குகிறதா, வியர்வை பட்டால் நிறம் மாறுகிறதா, இதையெல்லாம் கப்பல் ஏறுவதற்கு முன்னால் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. இப்போது ரிட்டயர்ட் ஆகிவிட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கழுத்து வலி, கண் எரிச்சல், மணிக்கட்டு மரத்துப்போவது, இதையெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது வேறு.

செல்வி எங்கள் மெர்ச்சண்டைசர்களில் ஒருத்தி. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை அது. சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. அம்மாவும் மகளும் பல்லடம் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தார்கள். அம்மா பேச்சியம்மாள் வேறொரு கம்பெனியில் செக்கிங். மகளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டோம் என்பதில் அந்த அம்மாளுக்கு அத்தனை பெருமை.

கூசிக்கொண்டே செல்வி இடது தொடையைக் காட்டினாள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு வலை கிடந்தது. இழை இழையாக ஓடி ஒன்றோடொன்று சேர்ந்து, நடுநடுவே வெளிறிய கண்களோடு. யாரோ வலைக் கண் போட்ட மெஷ் துணியைச் சாயத்தில் முக்கி அவள் தோலில் அழுத்தி எடுத்தமாதிரி இருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்த சீசனில் எங்களுக்கு மெஷ் வைத்த லெக்கிங்ஸ் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பையர் கேட்கும் மீடியம் சைஸ் அளவு செல்விக்குச் சரியாக இருக்கும். அதனால் ஃபிட் சாம்பிள் எது வந்தாலும் அவள்தான் போட்டுப் பார்ப்பாள். சாயம் இறங்கியிருக்கிறது, வேறென்ன?

"அரிக்குதா கண்ணு?"

"இல்ல மேடம். வலிக்கவும் இல்ல. ஒண்ணுமே இல்ல. அதான் பயமா இருக்கு."

லேபில் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக் காட்டன் துணி உண்டு. அதை வைத்துத் துணிமேல் முன்னும் பின்னும் தேய்ப்போம். வெள்ளையில் எவ்வளவு நிறம் ஒட்டியிருக்கிறது என்பதை கிரே ஸ்கேல் என்கிற சாம்பல் நிற அட்டையோடு ஒப்பிட்டு ரேட்டிங் போடுவோம். ஒன்று என்றால் மோசம், சாயம் அப்படியே இறங்குகிறது. ஐந்து என்றால் துளிகூட இறங்கவில்லை. ஐந்து வந்தால் டையிங்காரர் எனக்கு ஸ்வீட் வாங்கித் தருவார்.

செல்வியின் தொடையில் அந்தத் துணியை வைத்துத் தேய்த்தேன். காய்ந்த துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. நனைத்துத் தேய்த்தேன், ஒட்டவில்லை. வியர்வை டெஸ்டுக்கு வைத்திருக்கும் உப்புத் தண்ணீரில் நனைத்தும் தேய்த்தேன். துணி பேக்கெட்டிலிருந்து எடுத்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. பழக்கதோஷத்தில் கிரே ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தேன். ஐந்து.

என் சர்வீஸில் ஐந்தைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

2. எந்த மெஷினும் பின்னாத வலை

லெக்கிங்ஸில் இரண்டு காலிலும் மெஷ் உண்டு. செல்விக்கு வலது காலில் ஒன்றுமே இல்லை. அதுவும் போகட்டும், லெக்கிங்ஸில் மெஷ் வருவது வெளிப்பக்க ஓரத்தில். இவளுக்கு வந்திருந்தது தொடையின் மேல்பக்கத்தில்.

இழை எண்ணும் கண்ணாடியை எடுத்து அவள் தோல்மேல் வைத்துப் பார்த்தேன். மெஷ் என்றால் கண் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். இதில் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. ஓரிடத்தில் இழை தடித்து, அடுத்த இடத்தில் மங்கி, கிளை பிரிந்து ஓடியது. வட்ட நிட்டிங், வார்ப் நிட்டிங் என்று நான் பார்க்காத மெஷின் இல்லை. எந்த மெஷினும் இப்படிப் பின்னாது. யாரோ கையால், எந்த அவசரமும் இல்லாமல் பின்னியதுபோல் இருந்தது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டேன்.

லைட் பாக்ஸ் என்பது ஒரு பெரிய பெட்டி. பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு விளக்கு எரியும். செல்வியை ஸ்டூலில் உட்காரவைத்துக் காலை அதற்குள் நீட்டச் சொன்னேன். பகல் வெளிச்சத்தில் பழுப்பு. கடை வெளிச்சத்திலும் அதே பழுப்பு. கடைசியில் யூவி விளக்கைப் போட்டேன். வெள்ளைத் துணிகளெல்லாம் நீலமாக மின்னும் அந்த விளக்கில், அவள் தொடையில் இருந்த வலை கறுத்துத் தெரிந்தது. கறுத்தது மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிந்த இடத்தைத் தாண்டியும் போயிருந்தது. நல்ல தோல் என்று நாங்கள் நினைத்த இடத்திலும் மெல்லிய இழைகள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன.

"மேடம், இது வளருதா?"

சுவிட்சை அணைத்தேன்.

எங்கள் எம்.டி. என்னைவிட இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். விஷயத்தைச் சொன்னதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"நம்ம துணியினாலயாங்க்கா? ஆமான்னா சொல்லிப்போடுங்க. கண்டெய்னர நிறுத்திப்போடறேன். ஒரு புள்ளைக்கு வந்தது அங்க எத்தன பேருக்கு வருமோ."

"துணியினாலன்னு எனக்குத் தோணலீங்க. ஆனாலும் வெளி லேபுக்கும் அனுப்பிப் பாத்துடலாம்."

அனுப்பினோம். சாயத்தில் தடை செய்த கெமிக்கல் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. துணி பாஸ். எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. துணி ஃபெயிலாகியிருந்தால் குற்றவாளி கிடைத்திருப்பான்.

3. நாற்காலி

ஃபேக்டரிக் காற்றே ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எம்.டி. செல்வியை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார். அவளும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனாள். அந்த லேப்டாப் முதலில் லேபுக்காக வாங்கியது. மூடியில் எங்கள் நீலச் சாயம் ஒரு துளி விழுந்து காய்ந்திருக்கும். புது சிஸ்டம் வந்தபோது லேபிலிருந்து அவளுக்குப் போனது.

வீட்டுக்குப் போனால் குறையும் என்று பார்த்தோம். போன பிறகுதான் அதிகமானது. வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பும் படங்களில் ஒவ்வொரு வாரமும் நிறம் அடர்ந்துகொண்டே வந்தது. பேச்சியம்மாள் பயந்துபோனாள். கம்பெனிப் பொருள் எதுவும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று லேப்டாப், சாம்பிள், ஐடி கார்டுக் கயிறு எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் போட்டு செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மகளை வேலைக்கு அனுப்பவில்லை.

செல்வியின் வேலை நந்தினிக்குப் போனது. அவிநாசிப் பக்கத்துப் பெண், கல்யாணமானவள், வாய் ஓயாது. செல்வியின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, செல்வியின் மெயில்களுக்கே பதில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த மெஷ் லெக்கிங்ஸை அவள் தொட்டதுகூட இல்லை. அது ஏற்கெனவே கப்பல் ஏறிவிட்டது.

மார்கழி பிறந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நந்தினி லேபுக்கு வந்தாள். வந்தவள் பேசவில்லை. நந்தினி பேசாமல் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"என்ன?"

"எனக்கும் வந்திருச்சுங்க்கா."

"எங்கே?"

"அதே எடத்துலீங்க."

இடது தொடை. மேல்பக்கம். செல்விக்கு இருந்ததைவிட மெலிதாக, இளம்பழுப்பில், அப்போதுதான் பின்ன ஆரம்பித்த மாதிரி. சாய்ந்திருந்த சாய்வுகூட அதேதான்.

இனி கம்பெனியை யார் கட்டுப்படுத்துவது? தையல் லைன்வரை செய்தி போய்விட்டது. வடக்கத்திப் பையன்கள் வலை என்பதை இந்தியில் 'ஜால், ஜால்' என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவர்களும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். துணியில் இல்லை, சாயத்தில் இல்லை, அந்த நாற்காலியில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவானது. இரண்டு பேரும் உட்கார்ந்த ஒரே இடம் அதுதானே. நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். யாரோ கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினார்கள். டெஸ்க்கெல்லாம் நிரம்பி உட்கார இடமில்லாத நாளிலும் அந்த நாற்காலியை யாரும் தொடவில்லை. ஹவுஸ்கீப்பிங் அம்மாள் அதைச் சுற்றித்தான் பெருக்கினாள்.

"என்னங்க்கா, நீங்களுமா நம்பறீங்க?" என்று எம்.டி. என்னைக் கேட்டார்.

"நானாவது நம்பறதாவது" என்றேன். சொன்னேனே தவிர, நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவில்லை. மெர்ச்சண்டைசர் ரூமுக்குப் போனால் கண் தானாக அந்தப் பக்கம் போகும். முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கும் காலி நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும்.

4. சனிக்கிழமை

பேச்சியம்மாள் லேபுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. மகளும் கூட வந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். நான் உட்காரச் சொல்லியும் அம்மாள் உட்காரவில்லை.

"கணக்க முடிச்சுக் குடுத்துருங்க மேடம். சனிக்கெழம ஊருக்குப் போறோம். எம்புள்ள இனி இங்க வராது."

"ஊரில் எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?"

"டாக்டர் இல்ல. எங்க ஊருப் பக்கம் ஒரு பெரியவரு இருக்காரு. இது வலையாம். பொம்பளப் புள்ளைய இழுத்துட்டுப் போவ வீசுன வலையாம். நாலு மூலையிலயும் சூடு வச்சா அறுந்துருமாம். இரும்பக் காச்சி வைப்பாரு. வைக்கிற அன்னைக்குத்தான் வலின்னு சொல்லுதாவ."

செல்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சியம்மா, கொஞ்சம் பொறுங்க. இன்னும் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்."

"நீங்க படிச்சவிய மேடம். வெள்ளத் துணியக் கொண்டு தேச்சுப் பாத்திய. கலர் கலரா லைட்டு போட்டுப் பாத்திய. போச்சா? போவல. அந்த இன்னொரு புள்ளைக்கும் வந்துட்டுன்னு சொல்லுதாவ. நானும் சும்மா இருக்கல. உப்பையும் தவிட்டையும் வறுத்து, துணியில முடிஞ்சு, காலையிலயும் சாயங்காலமும் ஒத்தடம் குடுக்கேன். குடுக்கக் குடுக்கக் கறுக்கு. அப்ப இது லேசுப்பட்டதா?"

எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வரவில்லை. இரண்டு மாதமாக நானும் செய்தது அதேதான். என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனித உடம்பில் ஒன்று வந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குத் தோன்றவில்லை. இந்த ஊரில் எதைப் பார்த்தாலும் அதைத் துணியாகப் பார்த்தே பழகிவிட்டோம். நிறம் ஏறியிருந்தால் சாயம், கண் கண்ணாக இருந்தால் மெஷ்.

பேச்சியம்மாள் அக்கவுண்ட்ஸ் பக்கம் போனதும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"மேடம், எனக்குச் சூடு வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அக்கவுண்ட்ஸிலிருந்து பேச்சியம்மாளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்துவந்தேன். "ஒரே ஒரு எடம். அங்கயும் தெரியாதுன்னா சனிக்கிழமை நானே உங்களைப் பஸ் ஏத்தி விடறேன்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அங்கேயும் தெரியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

5. டாக்டர் கேட்டது

தோல் டாக்டர் ஒரு இளம்பெண். செல்வியின் தொடையைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. புறங்கையை அந்த வலைமேல் வைத்துப் பார்த்தார்.

"தினமும் சூடான பொருள் எதையாவது இங்க வெப்பீங்களா?"

செல்வி இல்லை என்றாள். பேச்சியம்மாள் மெதுவாக, "ஒத்தடம் குடுத்தேன்" என்றாள்.

"எத்தனை நாளா?"

"இது வந்த பெறகு. கொஞ்ச நாளாத்தான்."

"வர்றதுக்கு முன்னாடி?"

செல்வி யோசித்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "லேப்டாப் வைப்பேன்" என்றாள்.

லைன் வீட்டில் மேசை கிடையாது. கட்டிலில் கால் நீட்டிச் சாய்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துத்தான் வேலை. வெளிநாட்டு பையருக்கு அப்போதுதான் விடிந்திருக்கும் என்பதால், வீட்டுக்கு வந்த பிறகும் மெயில் வந்துகொண்டே இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார் என்று நாங்கள் சொன்ன பிறகு, நாள் முழுக்க.

"சுடாதா?" என்று கேட்டேன்.

"சுடாது மேடம். சுட்டா எடுத்துருப்பேனே. குளுருக்கு இதமா இருக்கும். பூனக்குட்டி படுத்துருக்க மாதிரி."

டாக்டர் தலையசைத்தார். "அதான். சுடுற அளவுக்கு இருந்தா நாமளே எடுத்துடுவோம். இதமா இருக்கிற சூடுதான் இப்படிப் பண்ணும். தோலுக்கு அடியில ரத்தக் குழாய் வலை மாதிரிதான் ஓடும். எனக்கு, உங்களுக்கு, எல்லாருக்கும். நாள்கணக்கா சூடு பட்டா அந்த வலை மேல பதிஞ்சிடும். அடுப்புப் பக்கத்துலயே உக்காந்திருக்கிறவங்களுக்கு வரும். வெந்நீர்ப் பை வெக்கிறவங்களுக்கு வரும். இப்ப லேப்டாப்."

நாங்கள் தேடிய வலையை யாரும் வெளியிலிருந்து வீசவில்லை. அது முதலிலிருந்தே அவளுக்குள் இருந்திருக்கிறது. எனக்குள்ளும் இருக்கிறது. அதைக் கேட்டபோது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ கைகால் கூசியது.

பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப நான் குடுத்த ஒத்தடமா டாக்டரம்மா? நானா எம்புள்ளைய…"

"நீங்க ஆரம்பிக்கலைம்மா. இனி குடுக்காதீங்க, அவ்வளவுதான். சூட்டை எடுத்துட்டா மெதுவா மங்கும். மாசக்கணக்கு ஆகும்."

"சனிக்கெழம இரும்பு காச்சி வச்சிருந்தா?"

டாக்டர் பேனாவை மூடினார். செல்வியைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார். பேச்சியம்மாள் மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். சனிக்கிழமைக்கு எடுத்துவைத்திருந்த பஸ் டிக்கெட்டை அங்கேயே கிழித்துப்போட்டாள்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "ரொம்ப வருஷமா இருந்து, கவனிக்காம விட்டதுன்னா அது போகவே போகாது. அபூர்வமா தோல் புற்றா மாறவும் செய்யும். அப்படி யாருக்காவது இருந்தா கூட்டிட்டு வாங்க." யாருக்கு இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

6. பஞ்சு

வீட்டில் லேப்டாப்பை எங்கே வைத்து வேலை பார்ப்பாய் என்று மறுநாள் நந்தினியிடம் கேட்டேன். ஆமாங்க்கா, ஊட்டுல சோபாவில் உக்காந்து மடியில் வெச்சுத்தான், கொழந்த எந்திரிக்காம இருக்கோணுமில்ல என்றாள். நாற்காலி இல்லை, லேப்டாப்தான் கை மாறியிருக்கிறது. எலுமிச்சம்பழத்தை எம்.டி. தன் கையாலேயே அறுத்துப்போட்டார்.

ஆனால் மற்றவர்களும்தான் மடியில் வைக்கிறார்கள். இந்த ஒரு லேப்டாப் மட்டும் ஏன் இப்படி? சிஸ்டம் சர்வீஸ் பார்க்கும் ரஃபீக்கைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். லேப் மேசையில் வைத்துத்தான் திறந்தார்.

"அல்லா! என்ன மேடம் உள்ள மெத்தை தச்சு வெச்சிருக்கீங்க?"

ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு. இந்த ஊரில் பஞ்சு இல்லாத இடமில்லை. கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லா இடத்திலும் துணியிலிருந்து பறக்கும். மூக்கில் ஏறும், டீயில் மிதக்கும். ஃபேன் அதை இழுத்து இழுத்து உள்ளே அடைத்திருக்கிறது. சூடு வெளியே போக வேண்டிய வாய் இடது பக்கத்தில் இருந்தது. அது முழுசாக மூடிப்போயிருந்தது. வழியில்லாமல் சூடு அடிப்பக்கமாக இறங்கியிருக்கிறது.

ரஃபீக் இடுக்கியால் அதை ஒரே கட்டியாக எடுத்து என் முன்னால் வைத்தார். விரல் அகலத்துக்கு இருந்த கட்டி, அடுக்கு அடுக்காகப் படிந்திருந்தது. நான் இழை எண்ணும் கண்ணாடியை எடுத்தேன். பழக்கதோஷம்தான்.

மேலே கறுப்பு, நடுநடுவே பளிச்சென்ற பச்சை. அது லெக்கிங்ஸ் ஆர்டர். அதற்குக் கீழே சாம்பலும் வெள்ளையும் கலந்த மெலாஞ்ச், ஸ்வெட் ஷர்ட் ஓடிய சீசன். அதற்குக் கீழே குழந்தைகள் நைட் டிரஸ்ஸின் வெளிர் மஞ்சள். இதுவரை செல்வியின் காலம். ஒவ்வொரு நிறத்தையும் நான்தான் டெஸ்ட் பண்ணி பாஸ் போட்டேன். அதனால் எந்தச் சிரமமும் இல்லாமல் படிக்க முடிந்தது. கட்டியைப் புரட்டினேன்.

அடியில் மெரூன் இருந்தது.

மெரூன் ஆர்டர் ஓடியபோது செல்வி எங்கள் கம்பெனியில் சேரவே இல்லை. அந்தச் சாயம் எனக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சமா? தினமும் ரிப்போர்ட். ஆபீஸில் முடியாமல் வீட்டுக்கு எடுத்துப்போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் வைத்து அடித்த ரிப்போர்ட். மூட்டு வலிக்கு இதமாக இருக்கிறதே என்று, வேலை முடிந்த பிறகும் இறக்கி வைக்காமல் சீரியல் பார்த்தேன். ஒரு வருடமா, இரண்டு வருடமா? மெரூனுக்கு அடியிலும் இன்னும் நிறங்கள் இருந்தன.

"என்ன மேடம்?" என்றார் ரஃபீக்.

"ஒண்ணுமில்லை. மூடிடுங்க" என்றேன்.

7. கடைசியாக ஒரு டெஸ்ட்

செல்வி அடுத்த வாரமே வேலைக்கு வந்தாள். எம்.டி. எல்லோருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக மடக்கு மேசை வாங்கிக் கொடுத்தார். லேப்டாப்களை அவ்வப்போது திறந்து பஞ்சு எடுக்க ரஃபீக்குக்குச் சொல்லிவிட்டார். நந்தினிக்குச் சுத்தமாக மறைந்துவிட்டது. செல்விக்குப் பெரும்பாலும் மங்கி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்தது. பேச்சியம்மாள் பொங்கலுக்கு எனக்கு ஒரு பை நிறையப் பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்ற நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதில் முதலில் உட்கார்ந்தவளும் செல்விதான்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. மடியில் வைக்காதீர்கள். தலையணை மேலும் வைக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும். பஞ்சு பறக்கிற ஊரில் வேலை செய்கிறீர்கள், லேப்டாப்புக்கும் மூச்சு முட்டும். சுடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சுகமாக இருக்கிறதா என்று பாருங்கள். வலி இல்லை, அரிப்பு இல்லை என்றால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பில் ஒன்று வந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், லேப் மேடத்திடம் அல்ல.

ரஃபீக் அந்த லேப்டாப்பை மூடிய அன்று நான் சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். கதவைத் தாழிட்டேன். சேலை கட்டுகிறவள் நான். என் தொடையை நான் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம். பழைய வலை. ஓரமெல்லாம் படிந்துபோய், தோலோடு தோலாக, இத்தனை வருடமும் என்னோடு குளித்து என்னோடு தூங்கியிருக்கிறது.

மூக்குக்கண்ணாடி துடைக்க லேபிலிருந்து எடுத்துவந்த வெள்ளைத் துணி பையில் இருந்தது. செய்ய வேண்டியதில்லை என்று தெரியும். தெரிந்தும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன்.

அடுத்த நாள் அந்த டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் போடுகிற பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க மேடம். இன்னைக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று எனக்குப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் யாரும் இல்லை. வெள்ளைத் துணி என் கையில் இருந்தது. ஐந்து.